பாதாளக் கரண்டி

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் ஒச்சாயியிடம் பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மேரி, மார்த்தாள், எஸ்தர் என்று மூன்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள் என்று நீட்டினார் அப்போதிருந்த போதகர். ஜவுளிக்கடையில் சேலை பார்ப்பதுபோல மூன்றையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சரியில்லை என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒச்சாயின்னு தெரிஞ்சுதானய்யா ஆண்டவரு என்னையக் கூப்புட்டாரு? இப்பப் போயி மாத்துனா அவருக்குத்தான் கொழப்பம்."

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பேரிலேயே தண்ணீரும் தெளித்துவிட்டார்.

அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு நின்று, காளை என்ற லாரி டிரைவருக்கு வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தவள் ஒச்சாயி. காளை குடிக்காத நாட்களில் நல்ல மனிதன். அப்படிப்பட்ட நாட்கள் வருஷத்துக்கு நாற்பது தேறும். மகள் சுபலட்சுமிக்கு இரண்டு வயதாகும்போது, இவனை நம்பினால் பிள்ளை பட்டினி என்று கணக்குப் போட்டு, கிறிஸ்தவ ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் சேர்ந்தாள். பதினெட்டு மாதம். படுக்கைப்புண் வராமல் ஆளைப் புரட்டிப் போடுவது, பெட்பான் வைத்து எடுப்பது, செத்தவர் வாயைக் கட்டுவது எல்லாம் அங்கே கற்றது. மதம் மாறியதும் அங்கேதான். யாரும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் காலை ஜெபத்தில், இயேசு சீஷர்களின் காலைக் கழுவினார் என்று வாசித்தார்கள். காலைக் கழுவிவிடுகிற சாமியை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் கழுவிவிடச் சொல்கிற சாமிகள். சரி, இவர் நம்ம வேலைக்காரர் என்று முடிவு செய்துகொண்டாள்.

காளையையும் கேட்டார்கள். "எனக்குக் குளிக்கவே நேரமில்ல, இதுல ஞானத்துல வேற குளிக்கணுமா?" என்றான். 1995இல் ஈரல் கெட்டுச் செத்தான். அதுவரை சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒச்சாயி விசுவாசப் பிரமாணத்தைப் படித்துக் கற்கவில்லை. தினமும் காலையில் வார்டில் நின்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆனது. அதில் இயேசு மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு, 'பாதாளத்தில் இறங்கினார்' என்று ஓர் இடம் வரும். மற்றவர்கள் அந்த இடத்தை மூச்சுவிடாமல் தாண்டிப் போய்விடுவார்கள். ஒச்சாயிக்கு மட்டும் அதுதான் பிரமாணத்திலேயே நன்றாகப் புரிந்த வரி. அவள் ஊரில் பாதாளம் என்றால் கிணற்றின் அடி. பாதாளத்தில் இறங்குவது பாதாளக் கரண்டி. வாளி அறுந்து விழுந்தால், வளையத்தில் ஏழெட்டுக் கொக்கிகள் தொங்குகிற அந்த இரும்புச் சாமானைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். ஊருக்கே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒருவர் வாளியைத் தேடி இறக்கினால், மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்தி போட்ட குடமும், எவனோ தொலைத்த தூக்குச்சட்டியும் சேர்ந்து சேறும் சகதியுமாக மேலே வரும். இது யார் வீட்டுச் சாமான் என்று கரண்டி கேட்காது.

ஆகவே வெள்ளிக்கிழமை செத்து ஞாயிற்றுக்கிழமை எழுந்தவர், நடுவில் சனிக்கிழமை சும்மா இருக்கவில்லை, உள்ளே இறங்கி எல்லாரையும் தூக்கிவிட்டார் என்றே ஒச்சாயி நம்பினாள். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதைத்தான் நம்புகிறார்கள் என்றும் நம்பினாள். பதினெட்டு வருஷம் இந்த விஷயம் வெளியே வரவில்லை. சபையில் நீ என்ன நம்புகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இந்த மாதம் சுண்டல் யார் முறை என்றுதான் கேட்பார்கள்.

2002இல் சுபலட்சுமிக்கு மாப்பிள்ளை அமைந்தான். அமைந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுபலட்சுமி பாடகர் குழுவில் முதல் வரிசை, ஆசீர் என்ற பையன் அவளுக்கு நேர் பின்னால். இரண்டு வருஷம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். பையனின் தாய் செல்லக்கனி டீச்சர் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். ஒச்சாயி என்ற பேரைச் சம்பந்தியாகக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க அவர் ஒரு மாதம் யோசித்தார். பிறகு, பிள்ளைக்காக விழுங்கிக்கொண்டார்.

கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார்கள். மூன்று ஓலையும் வாசித்தால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம்தான் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன்.

வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இரண்டாம் நாள் மாலை நரகத்தை எடுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் எரித்தார். மைக் செட்டுக்காரரே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கர்ஜித்தார். அது கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒச்சாயி கையைத் தூக்கிவிட்டாள்.

"எத்தன பெர்சென்ட்டுங்க?"

"என்னம்மா?"

"தீக்காயம். எத்தன பெர்சென்ட்டுன்னு கேக்குறேன். மேல்தோலு வெந்தாத்தாங்க எரியும். ஆழமா வெந்துருச்சுன்னா நரம்பு செத்துரும், ஊசியால குத்துனாக்கூடத் தெரியாது. அறுவதத் தாண்டுனா ஒரு வாரம் உசிரு நிக்கிறதே பெரிசு. நீங்க யுகயுகமாங்குறீங்க."

அவள் கேலி செய்யவில்லை. பயிற்சி முடித்த நாளிலிருந்து தீக்காய வார்டில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். வாழையிலை விரித்து ஆளைப் படுக்கவைத்து, ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டு விட்டு உரித்து எடுத்தவள்.

பிரசங்கியார் சமாளித்தார். "அம்மா, அங்கே அவர்கள் புழுவும் சாவதில்லை என்று எழுதியிருக்கிறது."

"புழு வச்சுருச்சுன்னா டிரெஸ்ஸிங் சரியில்லன்னு அர்த்தங்க. எங்க வார்டுல புழு வச்சா அன்னைக்கு டூட்டி பாத்தவளச் சிஸ்டர் உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"கொளுத்துறவங்கள நான் நெறையாப் பாத்துருக்கேன்யா. ஸ்டவ் வெடிச்சுருச்சுன்னு சொல்லித்தான் கொண்டாருவாங்க. வெடிச்ச ஸ்டவ்வ ஒருத்தரும் காமிச்சதில்ல. மனுசரக் கொளுத்துறது மாமியாரு வேலை. ஆண்டவரு வேலை இல்ல."

முந்நூறு தலைகள் ஒரே திசையில் திரும்பின. மூன்றாவது வரிசையில் செல்லக்கனி டீச்சர் வேதப் புத்தகத்தை மடியில் வைத்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். தலைகள் திரும்பிய பிறகுதான் ஒச்சாயிக்கே தான் சொன்னது உறைத்தது. சத்தியமாக அவள் டீச்சரை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை எழுந்து சொல்லப்போனால் இன்னும் கெட்டுப்போகும் என்பது தெரிந்ததால், கடைசியாக, உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். புதன்கிழமை போதகர் ஞானசிகாமணியும் செல்லக்கனி டீச்சரும் அவளைத் தேடி வந்தார்கள். ஆஸ்பத்திரியை விட்ட பிறகு ஒச்சாயி கே.கே. நகரில் ஜனகராஜ் என்ற பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரக்காரர், பட்டு வியாபாரம் செய்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி குழறாது. அவருடைய மனைவி சீதாலட்சுமி வந்தவர்களை உட்காரவைத்து, டிகிரி காபி போட்டுக் கொடுத்தார். பெரியவரைப் புரட்டிப்போடும் நேரம் அது. ஆகவே விசாரணை அந்த அறையிலேயே நடந்தது.

"ஒச்சாயம்மா," என்றார் போதகர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது அவருக்கு. அதுவரை சபையில் யாரும் யாரையும் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதே அவர் ஜெபம். "நரகம் உண்டுங்கறது நம்ம போதனை. நீங்க பொதுவுல..."

"போதனை எங்கங்கய்யா இருக்கு? பிரமாணத்துல பாதாளத்தில் இறங்கினார்னுதான இருக்கு? அப்பறம் எந்திரிச்சாருன்னு இருக்கு. எறங்குனவரு வெறுங்கையோடவா வந்துருப்பாரு? கெணத்துல பாதாளக் கரண்டி எறங்குனா வாளியோடதான வரும்?"

செல்லக்கனி டீச்சர் டம்ளரை மேசையில் வைத்தார். "என்ன சொல்லுதீங்க? ஆண்டவரைப் போயி பாதாளக் கரண்டிங்கீங்களே! ஐயா, கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ஜனகராஜ் சிரிக்கிறார் என்று தெரிய அவர்களுக்குச் சற்று நேரமானது.

"அப்ப ஆண்டவரை ஏற்றுக்கொண்டவன், ஏற்றுக்கொள்ளாதவன் எல்லாம் ஒண்ணா?" என்றார் டீச்சர். "குடிச்சு அழிஞ்சவனும், ஜெபிச்சு வளந்தவனும் ஒண்ணா? பிறகு நாங்க நாலு தலைமுறையா எதுக்கு ஆறு மணிக்கு எந்திரிச்சோம்?"

அது நியாயமான கேள்விதான் என்று ஒச்சாயிக்கே தோன்றியது. பதில் தேடிக்கொண்டே பெரியவரின் முதுகுக்குப் பவுடர் போட்டாள். அதற்குள் ஜனகராஜ் இடக்கையைத் தூக்கினார். வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

"நா... நான்... எங்க... போவேன்?"

சீதாலட்சுமி காபி ஜக்கோடு வாசலில் நின்றுவிட்டார். நாலு தலைமுறைப் பதில் டீச்சரின் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குக் கீழே அந்த வீட்டுக் காபி இருந்தது.

"நீங்க... நீங்க நல்லா இருப்பீங்க சார். சீக்கிரமா எந்திரிச்சு நடப்பீங்க," என்றார் டீச்சர்.

"அதக் கேக்கல டீச்சர் அவரு," என்றாள் ஒச்சாயி. "காபியக் குடிச்சுட்டு நிதானமாச் சொல்லுங்க. ஆறிப்போகுது."

டீச்சர் மிச்சத்தைக் குடிக்கவில்லை. எழுந்துவிட்டார். போதகர் தன் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "நரகம் உண்டென்று விசுவாசிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமைக்குள்ள குடுத்துருங்கம்மா. ஞாயித்துக்கிழமை நான் சபையில வாசிச்சுட்டு மூணாவது ஓலையை வாசிக்கிறேன். இல்லைன்னா சபைக் கமிட்டி ஓலையை நிறுத்தச் சொல்லுது. எனக்கும் வேற வழியில்ல."

வெள்ளிக்கிழமைக்குள் பேர் பரவிவிட்டது. காய்கறிக் கடையில் ஐக்கிய சங்கத்துப் பெண் ஒருத்தி, "கரண்டியம்மா வாராங்க, எடம் விடுங்கடி" என்றாள். ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் ஒரு பாட்டே கட்டிவிட்டன. நாலு பேர் புத்தி சொன்னார்கள். இரண்டு பேர் அவளுக்காக உபவாசம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி சர்க்கரை நோயாளி. உபவாசம் இருந்து எங்கேயாவது மயங்கி விழுந்தால் நான்தான் தூக்கணும், பேசாமல் சாப்பிடு என்று அனுப்பிவைத்தாள் ஒச்சாயி.

வீட்டில்தான் கஷ்டம். சுபலட்சுமி சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை பார்த்தாள். வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தாள்.

"ஒரு வரிம்மா. ஒரே ஒரு வரி. எழுதிக் குடுத்துட்டு நீ மனசுக்குள்ள என்ன வேணா நெனச்சுக்க."

"ஒங்கப்பன அங்க தள்ளிட்டா?"

"அப்பா செத்து ஏழு வருசமாச்சு. இந்தக் கூத்தப் பாத்தா அவரே சிரிப்பாரு. எழுதிக் குடுத்துட்டு வாடி, நமக்கெதுக்கு வம்புன்னுதான் சொல்லுவாரு."

அது உண்மை. காளை அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனாலும் காளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவள் ஒச்சாயி. வயிற்றிலிருந்து நீர் எடுக்கப் போட்டதும் அவளே. உடம்பை வாங்கவும் அவளே போட்டாள். இப்போது நரகத்தில் சேர்க்கவும் அவளே போட வேண்டும் என்கிறார்கள். அவனோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. தனக்கிருந்த பொறுமை ஆண்டவருக்கு இருக்காதா என்பதுதான் அவளுடைய மொத்த வேத சாஸ்திரமும். இந்தப் பக்கம் பார்த்தால், மகள். இந்தப் பிள்ளை அவளிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து வளர்ந்த பிள்ளை.

"என் கல்யாணம் நின்னுச்சுன்னா," என்றாள் சுபலட்சுமி, "அப்பறம் எனக்கு இங்கயே நரகம்தான். அதையாவது நம்புவியா?"

ஒச்சாயி எழுந்து தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். சனிக்கிழமை காலையில் சுபலட்சுமியின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, போதகர் வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் அந்தத் தாளை விரித்தார். தொண்டையைச் செருமினார். "சகோதரி ஒச்சாயி அவர்கள் எழுத்துமூலம் அறிவித்திருக்கிறார்கள். 'நரகம் உண்டென்று விசுவாசிக்கிறேன்.'" அவ்வளவுதான். மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். செல்லக்கனி டீச்சர் தலையை ஒரு தரம் அசைத்தார். பாடகர் குழுவில் சுபலட்சுமி அந்த வாரத்தில் முதல்முறையாக முழு மூச்சு விட்டாள்.

பிறகு ஓலை. மறைந்த காளை, ஒச்சாயி இவர்கள் குமாரத்தி சுபலட்சுமிக்கும் என்று ஆரம்பித்து, மூன்றாம் ஓலை, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபம் யார் வீட்டில் என்று அவர் வாசித்து முடிக்கும்வரை ஒச்சாயி காத்திருந்தாள். வாசித்த ஓலையை இனி யாரும் திரும்பச் சுருட்ட முடியாது. அதை விசாரித்து வைத்திருந்தாள்.

எழுந்தாள். "ஐயா, அந்தக் கடுதாசியில இன்னொரு வரி இருக்கு."

போதகர் கண்ணை மூடித் திறந்தார். "போதும்மா. உக்காருங்க."

"பாதிய வாசிச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்யா."

போதகர் அவளுக்கு உபகாரம்தான் செய்திருந்தார், அது அவளுக்குத் தெரியும். அவர் இன்னும் தயங்கினார். ஆனால் செல்லக்கனி டீச்சருக்கு முப்பது வருஷப் பழக்கம். விடைத்தாளைப் பாதியில் மூடுவது அவருக்கு ஆகாது. "வாசிங்கய்யா. என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாப்போம்."

போதகர் தாளை மறுபடி விரித்து, முடிந்த அளவு வேகமாக வாசித்தார். "'தற்போது உள்ளே ஆட்கள் எவரும் இல்லை.'"

வார்டில் ராத்திரி டூட்டி ஒப்படைக்கும்போது எழுதும் குறிப்பு மாதிரி இருந்தது அது. அப்புறம் பாடகர் குழுவின் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, உடனே இருமலாக மாறியது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். இருமியது ஆசீர். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடியிருந்தான், தோள் குலுங்கியது. அவனுக்கு முன்னால் சுபலட்சுமி கல்லாக நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அங்கியைக் கழற்றிக்கொண்டே, "ஆறு மாசத்துக்குத் திருவிருந்துல அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாதுன்னு கமிட்டி சொல்லுது," என்றார்.

"சரிங்கய்யா."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ஆறு மாசம் போனா வாங்கிக்கிறேன்."

அவர் கழற்றிய அங்கியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "ஆளே இல்லைன்னு எப்பிடிம்மா அம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

"ஆள் இருக்குன்னு நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடித்தான். ரெண்டு பேரும் போயிப் பாக்கல. போயிட்டு வந்தவரு ஒருத்தருதான். அவரு வந்து அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. மீனு இருக்கான்னு கேட்டாரு, சாப்புட்டாரு."

போதகருக்கு அந்த வசனம் தெரியும். கதவைத் திறந்துவிட்டார்.

கல்யாணம் செப்டம்பரில். அதுவரை மூன்று வாரம் சுபலட்சுமி தாயோடு பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். ஒச்சாயி விளக்கம் கொடுக்கப் போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பேசாத நோயாளிகளையும் பார்த்துப் பழகியவள். நேரத்துக்குச் சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலை சபைக் கோவில் வாசலில் செல்லக்கனி டீச்சர் பட்டுச்சேலை சரசரக்க நேராக அவளிடம் வந்தார். கன்வென்ஷனிலிருந்து மனதில் கிடந்தது போலும். "சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்லுதேன். எங்க வீட்டுல ஸ்டவ்வே கெடையாது. கேஸ்தான்."

"தெரியும் டீச்சர். வீடு பாக்க வந்த அன்னைக்கே அடுப்படிய எட்டிப் பாத்துட்டேன்."

டீச்சர் ஒரு எட்டு நெருங்கி வந்தார். பிறகு, "டியூப்பை மாத்தி ஒரு வருசம் ஆகுது. மாத்திரலாமா?" என்றார்.

"மாத்திருங்க."

உள்ளே ஆர்மோனியம் ஆரம்பித்தது. ஆசீர் பீடத்துக்கு முன்னால் வேர்த்து நின்றான். சுபலட்சுமி வெள்ளைப் பட்டில், தலைமேல் வலைத்துணியோடு, கையில் பூங்கொத்தோடு வாசற்படியில் நின்றாள். கொண்டுபோய் விட வேண்டியவள் ஒச்சாயி. இருவரும் முன்னால் பார்த்தபடியே நின்றார்கள்.

"பின்னு குத்துது," என்றாள் சுபலட்சுமி, உதடு அசையாமல்.

"எங்க?"

"காதுக்குப் பின்னால. எவ குத்துனான்னு தெரியல. நீ வந்து குத்திருந்தா இப்பிடி ஆகுமா?"

"நீ எங்க கூப்புட்ட?"

"கூப்புட்டாத்தான் வருவியா?"

ஒச்சாயி வலைத்துணியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பின் நுனி தோலில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்திருந்தது. உருவினாள், முந்தானையால் ஒற்றினாள், கொண்டைப் பக்கமாகத் திருப்பிக் குத்தினாள். ஆர்மோனியக்காரர் முதல் வரியை இரண்டாம் தடவை வாசித்தார். முன்னாலிருந்து போதகர் எட்டிப் பார்த்தார்.

"தலையத் திருப்பாத. இன்னொண்ணு இருக்கு," என்றாள் ஒச்சாயி. சபை காத்திருந்தது.